தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் இரண்டு?

நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே ஏறக்குறைய 5,540 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறைந்த தூரம் இது. ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால், லண்டன் போக சுமார் 7 மணி நேரம், திரும்பி வர சுமார் 8 மணி நேரம் என்று இருக்கும்.

பூமி சுற்றுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையானால், பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் நியூயார்க் அல்லவா விமானத்தை எதிர்கொண்டு வர வேண்டும்? மேற்கே போவதுதானே சுலபமாக இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் கணக்கு இங்கே எடுபடாது.

உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று ஆறு அது. தெற்கே இருக்கும் வெப்பக் காற்றுக்கும் துருவத்துக் குளிர்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் பிறக்கிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்காகத் திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு கூடுவதால் வேகமும் கூடும்.

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 1,327 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில்தான். அப்படியானால் ஒலியைத் தாண்டிவிட்டதா? இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

சரி, போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது ஏற்படும் நஷ்டமும் சமமாகிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்றின் வேகம் 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் 5 மணி 17 நிமிடம். எதிர்த்து வந்தால் 7 மணி 23 நிமிடம். மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் 21 நிமிடம் நஷ்டம்!

அதனால்தான் அட்லாண்டிக்குக்கு மேலே நிரந்தரமான பாதை கிடையாது. கனடாவின் காண்டரிலும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து, கிழக்கே போக ஒரு தொகுதி, மேற்கே வர ஒரு தொகுதி என்று பாதைகளைத் தினமும் புதிதாக வகுக்கின்றன. நியூயார்க் திரும்பும் விமானம் சில நாள் கிரீன்லாந்துப் பக்கம் வரை வடக்கே ஏறி, 5,540 கிலோமீட்டரைவிட அதிகமாகவே பறக்கும். காற்றுக்கு எதிரே நேராகப் போவதைவிட அந்தச் சுற்றுவழியில் நேரமும் எரிபொருளும் மிச்சம்.