15 வயது தாண்டும் பழைய கார்: ஆர்.சி. புதுப்பிக்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மலிவாக விற்பனைக்கு வரும் சின்ன கார்களில் பல 15 வயதை நெருங்கியவை. விலை பேசும் முன் ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை, வண்டியைக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். அங்கேதான் தேய்ந்த டயரும் ஆடும் சக்கரமும் வழிமறிக்கும்.

படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள்தான் ஏற்பார்கள். காருக்கு மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 முதல் 10,000. தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். மாதத்தில் ஒரு நாள் கடந்தாலும் முழு மாதக் கணக்குதான். பசுமை வரி (பழைய வண்டிக்கு மாநில அரசு வாங்குவது) தனி. இன்சூரன்சும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) காட்டும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சக்கர வேலையை முடித்துவிடுவது நல்லது. மோட்டார் வாகன விதி 94-இன்படி கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயர் ஆகாது. டயருக்குள் இருக்கும் நூல் வெளியே தெரிந்தாலும் ஆகாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கலாம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயரை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். காரணம் அலைன்மென்டிலோ (சக்கரங்களின் கோண அமைப்பு) தேய்ந்த புஷ்ஷிலோ (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்) இருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் புது டயரும் அதே மாதிரி தேயும்.

அடுத்து ஆட்டம். சமதரையில் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்க வேண்டாம். முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில் (சக்கரம் சுழல உதவும் குண்டு வளையம்). நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்டில் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு சேர்க்கும் மூட்டு). இடமும் வலமுமாகப் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) சந்தேகியுங்கள். ஓட்டும்போது வேகத்தோடு சேர்ந்து கூடும் 'ஊம்' சத்தமும் பேரிங்கைக் காட்டும். குலசேகரம் பக்கத்து வளைவுகளில் இடப்பக்கம் திரும்பும்போது அந்தச் சத்தம் கூடினால், பாரம் ஏறும் வலது பேரிங்கே முதல் சந்தேகம்.

பல சின்ன கார்களில் முன் பேரிங்கை பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும், உள்வளையத்தை அழுத்தி வெளிவளையத்தை நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) தள்ளுவதும்தான் புது பேரிங் சில மாதத்தில் மறுபடி சத்தம் போடக் காரணம். அந்த அழுத்தத்தில் குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்துவிடும். கிரீஸ் கசியாமல் காக்கும் சீல் வளையத்தையும், டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நட்டையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். நட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) முறுக்க வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் பிரேக் டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றோடு இரண்டு பருவ மழையும் சேர்ந்து துரு அதிகம் பிடிக்கும். டை ராட் எண்ட் மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றி, பிறகு கட்டாயம் அலைன்மென்ட் செய்யுங்கள். அலைன்மென்டை முதலில் செய்துவிட்டு உதிரி மாற்றினால் அந்தக் காசு வீண்.

வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். படிவம் 29, 30. களியக்காவிளை தாண்டி வாங்கிய கே.எல். (கேரளப் பதிவு) வண்டிக்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி வர வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் கட்டாயம், வரியும் இங்கே கட்ட வேண்டும். அதனால் அங்கேயே வண்டியைத் தூக்கிப் பார்த்து, சக்கரச் செலவையும் வரியையும் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

பதிவு இன்னும் காலாவதி ஆகவில்லை என்று தேய்ந்த டயரோடு ஓட்டுவதும் குற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இல் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயம் பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.