தொற்றுக்காலத்தில் கடைசிச் சிகிச்சை குறித்த விருப்பம்: எப்போது, யார் முன்னிலையில் எழுதினால் செல்லும்?

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதற்கு, முள்ளோடை எல்லையைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. கடந்து போனாலும் கொரோனா வார்டுக்குள் உறவினர்களுக்கு அனுமதியில்லை. நினைவிழந்த நோயாளிக்குச் செயற்கைச் சுவாசத்தை எதுவரை தொடர்வது என்ற கேள்வி, வெளியே காத்திருக்கும் மகனிடமோ மகளிடமோ தொலைபேசியில் கேட்கப்படும். அப்பாவின் விருப்பம் என்ன என்று அவர்கள் அதற்கு முன் ஒருநாளும் பேசியிருக்க மாட்டார்கள். அந்த விருப்பத்தை முன்னதாகவே எழுதி வைக்கச் சட்டத்தில் வழியுண்டு. அந்த ஆவணத்துக்கு முன்கூட்டிய மருத்துவ ஆணை என்று பெயர். பேச்சுவழக்கில் லிவிங் வில் என்பார்கள். சொத்து உயில் இறப்புக்குப் பின் பேசும் என்றால், இது உயிர் இருக்கும்போதே நமக்காகப் பேசுவது.

இதற்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் இல்லை. காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பே இதன் அடிப்படை. கண்ணியமாக இறப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. ஆனால் ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்ட நிபந்தனையால், நீதிமன்றங்களின் வழக்கமான பணிகளே முடங்கியிருந்த பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உரிமை பெரும்பாலும் ஏட்டளவில்தான் நின்றது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது.

இப்போதைய நடைமுறைப்படி, தெளிந்த மனநிலையில் உள்ள, 18 வயது நிறைந்த எவரும், பிறரது வற்புறுத்தலின்றி, விளைவுகளை அறிந்து இதை எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்கறிஞரிடமோ கெஜட்டட் ஆபீசர் எனப்படும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். சாட்சிகள் இயன்றவரை தொடர்பற்ற வெளியாட்களாக இருப்பது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும்படி தீர்ப்பு கேட்கவில்லை. தனிமை வார்டுக்குள் நோட்டரியும் சாட்சிகளும் வந்து நிற்க இயலாது என்பதால், காய்ச்சல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

வாசகங்களில் மிகுந்த கவனம் தேவை. “என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்” என்று மட்டும் எழுதினால் மருத்துவர் அதைக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. தெளிவற்ற ஆணையைச் செயல்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பு சொல்கிறது. மீளும் நம்பிக்கை அற்றுப்போன நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய்வழி உணவு ஆகியவற்றில் எதைத் தொடங்க வேண்டாம், எதை நிறுத்தலாம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். “வென்டிலேட்டரே வேண்டாம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொரோனாவில் சில நாட்கள் அந்தக் கருவியில் இருந்து பிழைத்து வீடு திரும்பியவர்கள் உண்டு. குணமாகக்கூடிய நோயாளிக்குச் சிகிச்சையை மறுக்க இந்த ஆவணம் எவருக்கும் அதிகாரம் தருவதில்லை. படுக்கைத் தட்டுப்பாட்டைக் காட்டி அதைப் பயன்படுத்தவும் முடியாது. ஊசி போட்டு உயிரை முடிப்பது முன்போலவே குற்றம்தான். வலி தணிக்கும் மருத்துவமோ இறுதிவரை தொடரும்.

நமக்காக முடிவு சொல்ல வேண்டிய பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினரின் பெயர் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம் என்பது தொற்றுக்காலத்தில் பெரும் உதவி, ஏனெனில் ஒருவரே தொற்றில் படுத்துவிட்டாலும் மற்றவர் இருப்பார். அவர்களுக்கும் குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். கடலூரில் மாநகராட்சி, புதுச்சேரியில் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து என உள்ளாட்சியின் பொறுப்பு அலுவலரிடமும் ஒரு பிரதி சேர வேண்டும். ஆவணம் உண்மையானதுதானா என்று மருத்துவமனை அங்கே சரிபார்க்கும். கடலூரில் எழுதியது புதுச்சேரியிலும் செல்லும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தினர், அந்நாட்டு முறைப்படி எழுதிய ஒன்று கையில் இருந்தாலும், இங்குள்ள மருத்துவமனைக்காக இந்திய நடைமுறைப்படி தனியே எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மருத்துவமனையில் சிகிச்சை மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் கொண்ட முதல் குழு நோயாளியின் நிலையைப் பார்க்கும். பின்னர், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு அதைத் தனியே ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் சம்மதமும் வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தால் போதும். ஆவணமே எழுதாதவருக்கும், நெருங்கிய உறவினரின் சம்மதத்தோடு, இதே இரண்டு குழுக்களின் வழி திறந்தே இருக்கிறது.

எழுதியதை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், திரும்பப் பெறலாம். மருத்துவக் குழு சிகிச்சையை நிறுத்த மறுத்தால், பாதுகாவலரோ குடும்பத்தாரோ சிகிச்சை மருத்துவரோ அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னை உயர் நீதிமன்றமே.