வெதரிங்: ஒத்தச் சொல்லுக்குள்ள எத்தன பழசு

மாடல் ரயில் பண்றவங்க கட்டடத்தப் பத்தி பேச ஆரம்பிச்சா ரெண்டு சொல்லு வந்துடும், டீட்டெயிலிங், வெதரிங். பாகம் பாகமா கிட்டுல வர்ற பிளாஸ்டிக் இன்ஜின் ஷெட்ட அப்படியே ஒட்டி வச்சா பளபளன்னு பொம்மை மாதிரி நிக்கும், அதுக்கு மழைத்தண்ணி குழாய், புகைபோக்கி, ஒடஞ்ச ஜன்னல் கண்ணாடி, சுவத்துல போஸ்டர்னு பொடிசு பொடிசா சேக்குறது டீட்டெயிலிங், அது முப்பது வருஷம் வெயில் மழைல நின்ன மாதிரி ஆக்குறது வெதரிங்.

டீட்டெயில் கதை சின்னது. பிரெஞ்சுல வெட்டுறதுக்கு ஒரு வினை இருக்கு, உச்சரிப்பு கிட்டத்தட்ட 'தாயே', துண்டு துண்டா வெட்டுறதுங்குற பொருள்ல அதுலேருந்து வந்ததுதான் டீட்டெயில். தெருமுனை டெய்லரும் ரீடெயில் கடையும் அதே குடும்பம். (நம்ம 'தையலுக்கும்' அதுக்கும் சம்பந்தம் இல்ல, யாரும் கெளம்பிடாதீங்க.) தமிழ்ல நுணுக்கம்னா போதும்.

வெதரிங்தான் வில்லங்கம். பழைய இங்கிலீஷ்ல 'வெடர்'னா காத்து, வானம், புயல், ஜெர்மன்ல இன்னிக்கும் 'வெட்டர்'. 17-ஆம் நூற்றாண்டுல புயல்ல சிக்கியும் தப்பிச்சு வந்தா வெதர் பண்ணிடுச்சுன்னாங்க, அடுத்த நூற்றாண்டுல வெயில் மழைல தேயுறதுக்கும் அதே வினைய எடுத்துக்கிட்டாங்க. ஆக தேயுறதும் தாக்குப்புடிக்கிறதும் ஒரே சொல்லு. மாடலுக்கு இது ரொம்பப் பொருத்தம், ஏன்னா நாம பண்றது இடிஞ்ச கட்டடம் இல்ல, தேஞ்சாலும் இன்னும் வேலை நடக்குற கட்டடம்.

இதுக்குத் தமிழ் என்னன்னு தேடுனா பள்ளிக்கூட புவியியல்ல 'வானிலைச் சிதைவு' இருக்கு, இலங்கைல 'வானிலையாலழிதல்'. பாறைக்கு ரெண்டும் சரி. ஆனா மேசை மேல இருக்குற ஷெட்டுல எதுவும் சிதையவும் இல்ல அழியவும் இல்ல, பிரஷ்ஷும் சாக்பீஸ் தூளும்தான் வேலை பாக்குது, அதுவும் இன்ஜின் கக்குற கரிய எந்தக் கணக்குல வானிலைன்னு சொல்றது?

உண்மையச் சொன்னா தமிழ்ல சொல்லுக்குப் பஞ்சமே இல்ல, அதிகமா இருக்குறதுதான் சிக்கல். வெயில்ல வெளிறும், போர்டு சாயம் போகும், பெயின்ட் உரியும், செங்கச் சுவத்துல அடில உப்பு பூக்கும், நிழல் பக்கம் பாசி புடிக்கும், ஆணிக்குக் கீழ துரு இறங்கும், ஷெட் வாசலுக்கு மேல கரி அடையும், பலகை நுனி இத்துப்போகும். ஒவ்வொண்ணுக்கும் கலர் வேற, இடம் வேற, கைவேலையும் வேற. உப்புக்கு வெள்ளச் சாக்பீஸ் தூள் போதும். சாயம் போன போர்டுக்கு, அதுல ஒட்டுற டெக்கால் ஸ்டிக்கர நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ப்பாங்க. துரு மேலேருந்து கீழதான் இறங்கணும், ஒல்லியா இறங்கணும், எச்.ஓ.ங்குற மாடல் ரயில் அளவு 1:87, அதாவது நெசத்துல 87-ல ஒரு பங்குங்குறதால 3 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு கோடு இழுத்தா நெசத்துல அது 26 சென்டிமீட்டர் பட்டை!

புதுசா வர்றவங்க வெதரிங்னு ஒத்தச் சொல்லக் கேட்டுட்டு, இந்தியன் இங்க்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல கலந்து மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே அழுக்கா அடிச்சு வுட்டுடுறாங்க. நானும் பண்ணேன், அதுவும் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ் அடிச்சதுக்கு அப்புறம், ஆல்கஹால் பட்டதும் முழுசும் வெள்ளையா பூத்துப்போச்சு. உப்பு பூத்த சுவர் எப்பிடி இருக்கும்னு அன்னிக்கு நல்லாத் தெரிஞ்சுது, கூரை வரைக்கும் உப்பு.

இந்தக் கலைய பெரிசா செஞ்சு காட்டுனவங்கள்ல அமெரிக்காக்காரர் ஜான் ஆலன் முக்கியமானவர், தொழில் போட்டோகிராபி, கலிபோர்னியா மான்டரேல வீட்டுக்கு அடில லேஅவுட், அதாவது தண்டவாளம், கட்டடம்னு மொத்தமா அமைச்ச மாடல் ரயில் உலகம். அதுக்கு அவர் வச்ச பேரே ஒரு சொல் வெளையாட்டு, 'கோரி அண்ட் டிஃபீட்டட்'னு வாசிக்கிற மாதிரி எழுத்த மாத்தி எழுதுனது, அதாவது ரத்தக்களறியாகி தோத்துப்போச்சாம். 1973 ஜனவரில அவர் இறந்தாரு, சில நாள்லயே தீப்புடிச்சு அந்த லேஅவுட் பெரும்பகுதி போயிடுச்சு.

சரி, எல்லாத்துக்கும் சேத்து ஒரு குடைச் சொல்லு வேணுமே. 'மூப்பாக்கம்' யோசிச்சேன், செங்கல்பட்டு பக்கம் ஏதோ ஊரு பேரு மாதிரி இருக்கு. 'பழசாக்குதல்' புரியும், ஆனா பழைய சாமான் கடை வாடை அடிக்குது. எனக்குப் புடிச்சது 'பழங்கோலம்', கோலம்னா வேஷமும் தோற்றமும், வரையுறதும் கோலம்தான், இங்க ரெண்டுமே நடக்குது. வாசல்ல போட்ட நேத்தைய கோலம்னு யாராச்சும் நெனச்சா நெனைக்கட்டும். பேச்சுல போட்டுப் பாத்தேன், ஒட்டுது: "ஷெட்டுக்குப் பழங்கோலம் முடிஞ்சுது, கூரைக்கு மட்டும் இன்னும் துரு இறக்கணும்."