"கண்ணுக்குக் கண்" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். அடிதடியில் தம்பிக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இழப்பீடு என்று நான் பேச்சை எடுத்ததுமே, "பணம் வேண்டாம் சார், யூதர்கள் சட்டம் மாதிரி கண்ணுக்குக் கண் எடுக்கணும்" என்றார். காய வழக்குகள் நடத்தும் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் இதைச் சொல்லிவிட்டார்கள்! கோபம் புரிகிறது. ஆனால் யூதச் சட்டம் அப்படித் தீர்ப்பளிக்கவில்லை.

யூத வேதத்தின் ஒரு நூலான யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரத்தில் அந்த வரி இருக்கிறது, சரி. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில், பாவா கம்மா என்ற பகுதியில் ரபிகள் (யூத மத அறிஞர்கள்) அதை எப்படி அலசுகிறார்கள் என்று பாருங்கள். பார்வையற்ற ஒருவர் இன்னொருவரின் கண்ணைக் கெடுத்தால், பதிலுக்கு எதை எடுப்பது? ஒருவர் கண் பெரியது, மற்றவருடையது சிறியது என்றால் அது சமமா? கொலைகாரனின் உயிருக்கு ஈடாகப் பணம் வாங்கக் கூடாது என்கிறது அதே வேதத்தின் எண்ணாகமம் 35-ஆம் அதிகாரம். அப்படியானால் உறுப்புக்கு வாங்கலாம் என்றுதானே பொருள்? "நிஜமாகவே கண்தான்" என்று ரபி எலியேசர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதையும் தல்மூத் பணக் கணக்காகவே விளக்கிவிடுகிறது.

தல்மூதுக்கு அடிப்படையான சட்டநூல் மிஷ்னா. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட அது ஐந்து வகை ஈட்டைச் சொல்கிறது: உறுப்பிழப்பு, வலி, வைத்தியச் செலவு, வேலை போன நாட்களுக்கான கூலி, அவமானம். உறுப்பிழப்பை அடிமைச் சந்தை விலையை வைத்துக் கணக்கிட்டார்கள். அதை இன்று ஏற்க முடியாது. ஆனால் அவமானத்துக்குத் தனி ஈடு! அதற்காக நான் எத்தனை மனுக்களில் போராடியிருக்கிறேன்.

எனவே மருந்துச் சீட்டு, கூலி விவரம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். காயத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நீதிபதியைத் தனியாகப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள். எதிர்த்தரப்பு இல்லாதபோது ஒரு தரப்பின் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது யூத நீதிபதிக்கும் விதி. ஏழை என்றும் பார்க்கக் கூடாது, பெரிய மனிதர் என்றும் பார்க்கக் கூடாது என்கிறது யூத வேதத்தின் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம்.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பணத்தைக் கட்டிவிட்டாலும், காயப்பட்டவரிடம் போய்க் கேட்கும்வரை அடித்தவருக்கு மன்னிப்பு கிடையாது என்கிறது அதே மிஷ்னா. கேட்டு வந்தவரை மன்னிக்காமல் விரட்டுவது கொடுமை என்றும் சொல்கிறது. தம்பியை அடித்தவர் ஒருநாள் உங்கள் வாசலில் வந்து நின்றால், தயவுசெய்து கதவைச் சாத்திவிடாதீர்கள்.