ஊசித்துளையில் நின்றுபோகும் புல்வெட்டி

"ஓடவில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்" என்று அட்டை கட்டி யாராவது லான் மோவரை வாசலில் வைத்திருந்தால் என்னால் அதைக் கடந்து போக முடியாது. குனிந்து ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழியில் கயிறு கனத்து, கொஞ்சம் முரண்டு பிடித்து, அப்புறம் விட்டுக்கொடுத்தால் எனக்குப் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்கிறது, வால்வுகள் மூடுகின்றன, காற்று அமுங்குகிறது என்று அர்த்தம். அந்தப் புல்வெட்டி பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பழுதான புல்வெட்டிகளை வாங்கி, வீட்டிலேயே சரிசெய்து விற்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இந்த வேலை கட்டுப்படியாவதற்கு அடிப்படையில் ஒரு வேதியியல் காரணம் உண்டு. "செத்துப்போச்சு" என்று தூக்கிப்போடப்படும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இரும்பு எதுவும் உடைந்திருக்காது. உள்ளே விட்ட பெட்ரோல்தான் கெட்டுப்போயிருக்கும்.

பெட்ரோல் ஒரே திரவம் போலத் தெரிந்தாலும் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்து கிடக்கும் என்ஜின் முதல் இழுப்பில் பற்றிக்கொள்ள உதவுவது இந்த லேசான பங்குதான். மிச்சமிருக்கும் கனமான பங்கு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து பிசுபிசுப்பாகி, கடைசியில் பழைய வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் எடுக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் என்ஜினுக்கு முதலில் கிடைப்பது அந்தத் தண்ணீர்க் கலவைதான்.

காருக்கு ஏன் இது அவ்வளவாக நடப்பதில்லை? கார் அடிக்கடி ஓடுகிறது, அதன் எரிபொருள் பாதை மூடியிருக்கிறது. புல்வெட்டியோ புல் வளராத மாதங்களில் மூலையில் கிடக்கும். அதன் கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் நிற்பது சில கரண்டி பெட்ரோல்தான். அது முழுக்க ஆவியாகி, கசடு மட்டும் மிஞ்சும்.

அந்தக் கசடு எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். கார்புரேட்டர் என்பது நடுவில் குறுகிய ஒரு குழாய். பிஸ்டன் இறங்கும்போது காற்று அதன் வழியாக உள்ளே பாய்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பது 18ஆம் நூற்றாண்டில் டேனியல் பெர்னூலி சொன்ன விதி. கிண்ணத்தில் உள்ள பெட்ரோல்மேல் வழக்கமான வளிமண்டல அழுத்தம், குறுகிய இடத்தில் அதைவிடக் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசமே பெட்ரோலை மேலே தள்ளிக் காற்றில் தூவுகிறது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஜெட் என்கிற பித்தளைத் துண்டிலுள்ள ஒரே ஒரு துளை.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராமுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பன்னிரண்டு லிட்டர் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விகிதத்தைக் காப்பாற்றும் துளை ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாதது. விட்டம் பாதியானால் துளையின் பரப்பு கால்வாசியாகிவிடும். அதனால் லேசாகக் கசடு படிந்தாலே என்ஜின் பட்டினி கிடக்கும்.

போன தடவை கொண்டுவந்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வைத்திருந்தவர் புது ஸ்பார்க் பிளக், புது ஏர் ஃபில்டர், புது ஆயில் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்க் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் வைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் அரை மூடி புதுப் பெட்ரோல் விட்டேன். ஃபில்டரைத் திரும்ப மாட்டிக் கயிற்றை இழுத்தேன். இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றது. எனக்குப் பிடித்த சோதனை இது. இரண்டு விநாடி ஓடியது என்றால் தீப்பொறி இருக்கிறது, அமுக்கம் இருக்கிறது, பொறி விழும் நேரமும் சரியாக இருக்கிறது. தானாகப் பெட்ரோல் வரவில்லை, அவ்வளவுதான். கையில் ஒரு பாகமும் வாங்காமலே பழுதின் முகவரி கிடைத்துவிடுகிறது.

சரி என்று பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள ஒற்றை போல்டைக் கழற்றினேன். கிண்ணத்துக்குள் கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல பழுப்பு நிறத்தில் ஒரு படலம். ஓரத்தில் அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடி. பல என்ஜின்களில் அந்த போல்டே ஜெட்டாகவும் இருக்கும், இதிலும் அப்படித்தான். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கிளீனர் ஸ்பிரே அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பழைய மின்கம்பியிலிருந்து ஒற்றை இழைச் செம்பை உருவி உள்ளே நுழைத்தேன். செம்பு பித்தளையைவிட மென்மையானது, துளையைக் கீறாது. ஊசியோ டிரில் பிட்டோ விட்டால் துளை பெரிதாகி விகிதமே கெட்டுவிடும். இரண்டு மூன்று தடவை விட்டு எடுத்ததும் பழுப்புத் துணுக்கு ஒன்று வெளியே வந்தது. மறுபடி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எத்தனை இயந்திரம் சரிசெய்தாலும் எனக்குக் குறைவதில்லை.

மாட்டி, புதுப் பெட்ரோல் விட்டு, மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஆனால் சீராக ஓடவில்லை. ஊ... என்று ஏறி, ம்ம்... என்று இறங்கி, திரும்ப ஏறி, மூச்சு வாங்குவது போல ஓடியது. இதைக் கேட்டதும் நிறையப் பேர் ஸ்பிரிங்கில் கைவைக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

புல்வெட்டியில் கவர்னர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அடர்ந்த புல்லில் பிளேடு திணறினால் பெட்ரோலைக் கூட்டி, புல் தீர்ந்ததும் குறைத்து, வேகத்தை ஒரே அளவில் வைத்திருப்பது அதன் வேலை. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினுக்குப் பயன்படுத்திய கவர்னரும் இதே தத்துவம்தான். கார்புரேட்டர் குழாயைத் திறந்து மூடும் தகட்டுக்கு த்ராட்டில் என்று பெயர். ஒரு ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கப் பார்க்கும். என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான பிளைவீல் விசிறியடிக்கும் காற்றோ, உள்ளே சுழலும் எடைகளோ அதை மூடப் பார்க்கும். இரண்டும் இழுபறியில் நிற்கும் இடம்தான் வேகம்.

குறைந்த திறப்பில் பெட்ரோல் கொடுக்கத் தனியாக இன்னொரு துளை உண்டு, பைலட் ஜெட். முதல் துளையைவிட இது இன்னும் சிறியது. இது அடைத்திருந்தால் த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் போதாமல் வேகம் விழும். உடனே கவர்னர் த்ராட்டிலை அகலத் திறக்கும். இப்போது பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் வந்து வேகம் எகிறும். கவர்னர் மூடும். மறுபடி பட்டினி. கவர்னர் தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் இந்த ஏற்ற இறக்கமே வருகிறது. பைலட் துளையைச் சுத்தம் செய்ததும் என்ஜின் ஒரே சுருதியில் நின்றது.

தீப்பொறிப் பக்கம் பழுது வருவது குறைவு. ஆனால் அங்கே நடப்பது அழகான இயற்பியல். பெரும்பாலான சாதாரண புல்வெட்டிகளில் தீப்பொறிக்கு பேட்டரி தேவையில்லை. பிளைவீலின் ஓரத்தில் ஒரு காந்தம் பதித்திருக்கும். அது சுற்றிவந்து காயிலைக் கடக்கும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தப்புலம் மாறினால் மின்னோட்டம் உண்டாகும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விஷயம். அந்த மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் பக்கத்துச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே பொதுவாகக் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான். ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி அளவு வைப்பார்கள்.

தீப்பொறி வரவில்லை என்றதும் புதுக் காயில் வாங்க ஓட வேண்டாம். கைப்பிடியை விட்டால் என்ஜின் நிற்கிறதே, அது எப்படி? காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயர் உலோக உடம்பைத் தொடும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடும். அந்த ஒயரின் தோல் உரிந்து எங்காவது உரசிக்கொண்டிருந்தால் என்ஜின் எப்போதும் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் கட்டாயம் மாட்டிவிட வேண்டும். அது இல்லாமல் ஓடும் புல்வெட்டியில் கைப்பிடியை விட்டாலும் தீப்பொறி நிற்காது.

இன்னொரு பழுது இருக்கிறது, ஆளை ஏமாற்றக்கூடியது. பெட்ரோல் வருகிறது, தீப்பொறி அடிக்கிறது, அமுக்கம் இருக்கிறது. ஆனால் இழுத்தால் கயிறு வெடுக்கென்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் புகைக்குழாயில் பட்டென்று வெடிக்கும். அப்போது விசாரிக்க வேண்டியது, கடைசியாகப் புல் வெட்டும்போது கல்லிலோ வேரிலோ இடித்ததா என்பதை. பிஸ்டன் சுழற்றும் தண்டுதான் கிராங்க்ஷாஃப்ட். பிளைவீலை அதன்மேல் சரியான கோணத்தில் நிறுத்துவது நகத்தளவு உள்ள ஒரு மென்மையான உலோக ஆப்பு, அதைச் சாவி என்பார்கள். பிளேடு கல்லில் மோதித் திடீரென்று நின்றால், கனமான பிளைவீல் தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றப் பார்க்கும். சாவி நசுங்கும். ஒரு மில்லிமீட்டர் நழுவினாலே தீப்பொறி சில டிகிரி தள்ளி விழும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடிதான், அதற்குள் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பொறி விழ வேண்டும். சாவியை மாற்றுவது அரை மணி நேர வேலை.

அதே மோதலில் கிராங்க்ஷாஃப்ட் வளைந்திருந்தால் கதை வேறு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுப் பிளேடை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஷாஃப்டின் நடுப்புள்ளியைப் பாருங்கள். அது இருந்த இடத்திலேயே சுழலாமல் வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. அந்த என்ஜினை நான் உதிரி பாகத்துக்கு வைத்துக்கொள்வேன், விற்க மாட்டேன்.

எந்த வேலைக்கும் முன்னால் பிளக் ஒயரைக் கழற்றிவிடுவது என் பழக்கம். பிளேடைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் நகரும், காந்தமும் காயிலைக் கடக்கும். சூடான என்ஜின் அப்படியே பற்றிக்கொள்ளலாம். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே பார்க்க வேண்டும். தவறிக் கீழ்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் வழிந்து ஏர் ஃபில்டரில் இறங்கி, அப்புறம் ஒரு மேகம் அளவுக்கு வெள்ளைப் புகை வரும். மூடிய அறையில் ஓட்டிப் பார்க்கவே கூடாது, புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

பிளேடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நிற்கும் பிசிறை வழிக்கும் இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது. அது கத்தரிக்கோல் போல இரண்டு விளிம்புக்கு நடுவே புல்லை நறுக்கும். இன்றைய சுழலும் பிளேடுக்கு எதிர் விளிம்பு இல்லை. புல் தன் சடத்துவத்தால் நிற்கும் அந்தக் கணத்துக்குள் வெட்டிவிட வேண்டும், அதற்கு வேகம் வேண்டும். அரை மீட்டர் நீளப் பிளேடு 3,000 சுற்றில் ஓடினால் நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். மழுங்கிய பிளேடு புல்லைக் கிழிக்கும். மறுநாள் புல்நுனி பழுப்பாகத் தெரியும்.

தீட்டும்போது ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால்? நுனியில் பத்து கிராம் வித்தியாசம் என்றால், அந்த வேகத்தில் 25 கிலோ எடையின் விசை விநாடிக்கு 50 தடவை ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். கைப்பிடி நடுங்கும், போல்ட்டுகள் தளரும், பேரிங் தேயும். சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டினால் எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும். படுக்கைவாக்கில் நிற்கும்வரை கனமான பக்கத்தைத் தேய்க்க வேண்டும்.

விற்பதற்கு வரும்போது நான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பதில்லை. சூடான என்ஜினில் பெட்ரோல் எளிதாக ஆவியாகும், அரைகுறை அடைப்பு இருந்தாலும் கிளம்பிவிடும். வாங்க வருபவர் என்ஜினைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தன் கையாலேயே இழுக்கட்டும். என்னென்ன மாற்றினேன், எது பழசு என்று ஒரு தாளில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுவேன். தாளின் கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பல வாரம் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகட்டும்.