ஆறு மாதம் ஆகிவிட்டது, ஆடலாமா?

ஜூன் பிறந்தால் என் பிசியோதெரபி கிளினிக்கில் கூடைப்பந்துப் பிள்ளைகளின் வருகை கூடிவிடும். கல்லூரி திறக்கப்போகிறது, அணித் தேர்வு வரப்போகிறது, பயிற்சியாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எல்லோரும் டிசம்பரிலோ ஜனவரியிலோ முழங்காலில் ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கையில் ஸ்கேன் உறை, கூடவே அம்மாவோ அப்பாவோ. கேட்பதும் ஒன்றுதான்: "மேடம், ஆறு மாதம் ஆகப்போகிறது. இந்த சீசன் ஆடலாமா?"

முன்பெல்லாம் அறுவை சிகிச்சை நிபுணர்களே ஆறு மாதம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மருத்துவம் அதை விட்டு நகர்ந்துவிட்டது, மைதானம் நகரவில்லை. சீனியர் ஒருவர் ஐந்தே மாதத்தில் இறங்கி ஆடிய கதை எல்லாக் கல்லூரி விடுதிகளிலும் உலவுகிறது. அந்த சீனியரின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

ஏசிஎல் என்பது முழங்காலுக்குள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் தசைநார். கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் முட்டி திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. கூடைப்பந்தில் அது அறுந்துபோகும் விதம் விசித்திரமானது. பெரும்பாலும் யாரும் வந்து மோதுவதில்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடிக்க எழும்பி ஒற்றைக் காலில் இறங்கும்போதோ, வேகமாக ஓடிவந்து சட்டென்று திசை மாற்றும்போதோ முட்டி உள்பக்கமாகச் சரிகிறது. உள்ளே ஏதோ தெறித்த சத்தம் கேட்டது என்பார்கள். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். இதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம் என்பதையும் மகளை அணியில் சேர்த்திருக்கும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வீக்கம் வற்றியதும் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று புத்தூருக்குக் கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. எலும்பு முறிவுக்கான கட்டு, மூட்டுக்குள் முழுதாக அறுந்துவிட்ட நாரை ஒட்டவைக்காது. தளர்ந்த முழங்காலோடு ஆடினால் பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டும் கிழியும். மெனிஸ்கஸ் என்று ஸ்கேன் அறிக்கையில் இருப்பது அதுதான். அதையும் தைக்க வேண்டி வந்தால் முதல் சில வாரங்களுக்கு முட்டியை ஆழமாக மடக்கக்கூடத் தடை. ஆட்டத்துக்குத் திரும்பும் நாளும் தள்ளிப்போகும்.

ஆபரேஷனில் பொதுவாக அறுந்த நாரைத் தைப்பதில்லை. முட்டிச்சிப்பிக்குக் கீழேயிருந்தோ, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அது உடனே ஏசிஎல் ஆகிவிடாது. நட்ட நாற்று முதலில் வெளுத்து அப்புறம் பச்சை பிடிப்பதைப்போல, பொருத்திய நாண் முதல் சில மாதங்களில் பலவீனமாகி, ரத்த ஓட்டம் கிடைத்து, மெல்ல மெல்லத்தான் தசைநாராக மாறுகிறது. ஓராண்டைத் தாண்டியும் அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும். வலியோ மூன்றாம் நான்காம் மாதத்திலேயே போய்விடுகிறது. படி ஏறலாம், பைக் ஓட்டலாம், மெதுவாக ஓடலாம். வலி இல்லாத முழங்காலைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று இருபது வயதுப் பிள்ளை நினைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றை என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முழங்கால் காயம்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று அது சொல்கிறது. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் இப்படிக் குதித்துத் திரும்பும் ஆட்டங்களுக்குப் போகும்போது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மறுபடியும் ஏசிஎல் அறுகிறது. அதே காலில் அல்லது மற்றக் காலில். "நல்ல கால்தானே, அதற்கு என்ன?" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தக் கடைசி மூன்று சொற்களை அடிக்கோடிட்டுக் காட்டுவேன்.

ஆனால் ஒன்பது மாதம் என்பதையும் இன்னொரு ஆறு மாதமாக்கிவிடக் கூடாது. ஒன்பது மாதம் சோபாவில் உட்கார்ந்திருந்தால் ஒன்பது மாத வயதான பலவீனமான கால்தான் மிஞ்சும். சீசனுக்குத் திரும்புவதா என்பதை நாள்காட்டி பாதிதான் சொல்லும். மீதியைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஆறடிக்கு மேல் உயரம், அம்மாவுடன் வந்திருந்தான். தரையில் நாடா ஒட்டி ஒற்றைக் காலில் மூன்று தாவல் தாவச் சொன்னேன். முதலில் நல்ல கால், பிறகு ஆபரேஷன் செய்த கால். இரண்டுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வந்தாலே தேர்ச்சி என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், முகத்தில் சிரிப்பு. செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டேன். நல்ல காலில் இறங்கும்போது முட்டி நன்றாக மடங்கி, உடம்பு அப்படியே அமர்ந்து நிற்கிறது. மற்றக் காலில் முட்டி விறைப்பாகவே இருக்கிறது. உடம்பு முன்னால் கவிழ்கிறது. இறங்கும் பாரம் முழுவதையும் இடுப்பு வாங்கிக்கொள்கிறது. அவன் கவனிக்கவில்லை. அவன் அம்மாதான், "இந்தக் கால் மடங்கவே இல்லையேப்பா" என்றார்.

தாவும் தூரம் ஏமாற்றும். முழங்கால் செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் பகிர்ந்துகொண்டு தூரத்தை எட்டிவிடும். அதனால்தான் தொடையின் முன்தசையின் பலத்தைத் தனியே அளக்க வேண்டும் என்கிறேன். அதற்கென்று கருவி இருக்கிறது. பெரிய விளையாட்டு மருத்துவ மையங்களில் கிடைக்கும். கருவி இல்லாத ஊர்களில் ஜிம்மில் காலால் எடை தள்ளும் லெக் பிரஸ் கருவியில் ஒற்றைக் காலால் எவ்வளவு எடை தள்ள முடிகிறது, ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்றாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம். இஞ்சு டேப்பால் தொடைச் சுற்றளவைப் பார்த்து முடிவு சொல்வது போதாது. ஒப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது: ஆபரேஷனுக்குப் பிறகு ஓடாமல் ஆடாமல் கிடந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இரண்டு பலவீனமான கால்கள் சமமாக இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மனசையும் சோதிக்க வேண்டும். இதற்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மறுபடி அடிபடும் என்ற பயம், முழங்காலின் மேல் நம்பிக்கை என்று கேட்டுக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்ட ஒரு பெண், கோர்ட்டில் ஓடிவந்து கூடைக்கு அருகே எழும்பிப் பந்தைப் போடும் லே-அப் போடச் சொன்னால் ஒவ்வொரு முறையும் மற்றக் காலிலேயே இறங்கினாள். அவளுக்கே அது தெரியவில்லை. பயத்தைக் கோழைத்தனம் என்று பயிற்சியாளர்கள் திட்டக் கூடாது. அதுவும் அளக்க வேண்டிய ஒன்று, பயிற்சியால் சரிசெய்யக்கூடிய ஒன்று.

இந்த விஷயத்தில் நான் பிள்ளைகளுக்குக் காட்டும் பெயர் ஜூஜூ வாட்கின்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். 2025 மார்ச் 24 அன்று தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்றில், சொந்த மைதானத்தில் ஏசிஎல் அறுந்து விழுந்தார். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுகள் அவருக்குத்தான் போயின. அமெரிக்கக் கல்லூரி சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஜனவரி பிறந்ததும் இறங்கி, பாதி சீசனையும் முக்கியமான கடைசிச் சுற்றுகளையும் ஆடியிருக்கலாம். செப்டம்பர் மாதமே அவர் அறிவித்துவிட்டார்: 2025-26 சீசன் முழுவதும் ஆடப்போவதில்லை. நடுவில் வருவேன், பார்க்கலாம் என்ற இழுபறிக்கே இடம் வைக்கவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்த அறிவிப்பு வந்த நேரம். சீசன் தொடங்குவதற்கு முன்பே முடிவு சொல்லிவிட்டதால், வாரந்தோறும் "இந்த ஆட்டத்துக்கு வருவாளா?" என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு தேறும் காலத்தில் அந்தக் கேள்வியைப்போலத் தொல்லை தருவது வேறொன்றும் இல்லை.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2022 ஆகஸ்டில் ஏசிஎல் அறுந்து, அடுத்த சீசனை முழுதாக விட்டவர். திரும்பி வந்து ஒரு சீசன் ஆடினார். தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 2024 பிப்ரவரியில் இன்னொரு ஆண்டு கல்லூரியிலேயே ஆடுவேன் என்றார். 2025 ஏப்ரலில் தேசியப் பட்டமும் வென்று, அதே மாதத்தில் தொழில்முறை அணிகள் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் டல்லஸ் அணியின் முதல் தேர்வாகவும் ஆனார். அவருடைய தோழி அஸி ஃபட் பள்ளியிலேயே ஒரு முறை, 2023 நவம்பரில் மறுபடி ஒரு முறை என இரண்டு ஏசிஎல் காயம் கண்டவர். ஓராண்டு ஒதுங்கியிருந்து வந்து, 2025 இறுதிச் சுற்றில் சிறந்த வீராங்கனை ஆனார். ஒரு சீசனை விட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று சொல்லும் பயிற்சியாளர்களுக்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

ஆனால் அங்கே இருக்கும் ஒரு வசதி இங்கே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். வாட்கின்ஸ் முடிவெடுத்தபோது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இருந்த விதிப்படி, ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆட உரிமை உண்டு. ஒரு சீசனை ஒதுங்கிக் கழித்தால் அந்த சீசன் கணக்கில் வராது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் முடியும். காத்திருப்பது அவருக்குக் கட்டுப்படியாகிறது.

நம் பிள்ளை விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கல்விக் கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு எல்லாம் அவன் அணியில் இருக்கிறான் என்பதை வைத்துத்தான். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அந்தச் சலுகை ஆண்டுக்கு ஆண்டு பரிசீலிக்கப்படுகிறது. பல்கலைக்கழகப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால்தான் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை போன்ற அணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு முயற்சி செய்யலாம் என்ற கணக்கும் வீட்டில் ஓடும். அப்பா சுமை தூக்குகிறவராகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருக்கும்போது, "ஓராண்டு பொறுங்கள்" என்று நான் சொல்வது எளிது. கேட்கிறவருக்கு அது கட்டணத் தொகையாகத்தான் காதில் விழும். ஒதுக்கீட்டு நிபந்தனைகளில், அணிக்காக ஆடிக் காயம்பட்ட மாணவருக்கு ஓராண்டு சலுகை தொடரும் என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கக் கல்லூரிகளுக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. கோப்பை வென்றால் வாசலில் பதாகை வைக்கத் தெரிகிறதல்லவா.

பயிற்சியாளரைக் குறை சொல்வதும் சுலபம். அவருக்கும் மேலே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் எண்களைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள். "பையன் இன்னும் தயாராகவில்லை சார்" என்றால் வாதிடுவார்கள். "தொடை பலம் நூற்றுக்கு எழுபதுதான் இருக்கிறது சார், தொண்ணூறு வந்ததும் மோதல் இல்லாத பயிற்சிக்கு அனுப்புகிறேன்" என்றால் தேதி கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். திரும்புவது ஒரே நாளில் நடப்பதில்லை. நேர்கோட்டில் ஓட்டம், குதித்து இறங்குதல், திசை மாற்றம், தனியாகப் பந்தோடு பயிற்சி, அணியோடு மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, பிறகு சில நிமிடங்கள் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீங்கினால் ஒரு படி கீழே. நம் கல்லூரிகள் பலவற்றில் சிமென்ட் தரைதான். மரத்தளத்தில் ஆடுகிறவர்களின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பவே வேண்டாம் என்ற முடிவும் உண்டு. இறுதியாண்டு, இரண்டாவது ஆபரேஷன், குருத்தெலும்பும் தேய்ந்திருக்கிறது, வேலைக்கான படிப்பு முடியப்போகிறது என்ற நிலையில் ஒரு பெண் ஆட்டத்தை விட்டாள். அணிக்கு வெட்கமாகப் போய்விடும் என்று அவள் அப்பாதான் தவித்தார். அவள் தெளிவாக இருந்தாள். முப்பது வயதில் மூட்டுத் தேய்மானத்தோடு வரிசையில் நிற்கும் பழைய ஆட்டக்காரர்களையும் நான் பார்க்கிறேன். அவர்களிடம் கேட்டால் எந்தப் போட்டிக்காக அவசரப்பட்டார்கள் என்பதுகூடச் சிலருக்கு நினைவில்லை.

முடிவு எதுவானாலும் ஆட்டக்காரரின் வாயிலிருந்து வரட்டும். அதற்காகவே பெற்றோரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் பிள்ளையிடம் தனியாகப் பேசுவேன். அப்பா இருக்கும்போது "ஆடுகிறேன்" என்ற பையன், கதவு சாத்தியதும் "பயமாக இருக்கிறது மேடம்" என்பான். நேர்மாறாகவும் நடக்கும்.

இந்த சீசனை விடுவதென்று முடிவு செய்தால், கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே கல்லூரி முதல்வருக்கும் உடற்கல்வி இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆபரேஷன் அறிக்கையின் நகலையும் பரிசோதனை எண்களையும் இணையுங்கள். ஸ்கோர் எழுதுவது, பயிற்சிக்கு உதவுவது என்று அணியோடு இருக்க முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேட்கலாம். "தகுதியாக இருக்கிறார்" என்று ஒற்றை வரிச் சான்றிதழ் கேட்டு வந்தால் நான் தருவதில்லை. எந்தத் தேதியில் எந்தச் சோதனையில் எவ்வளவு வந்தது, அடுத்த சோதனை எப்போது என்று எழுதித் தருகிறேன்; உங்கள் பிசியோதெரபிஸ்டிடமும் அப்படியே கேட்டு வாங்குங்கள்.