வெளுத்த புல்லைச் சீவுவதா, வெட்டுவதா?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "முற்றத்தில் செயற்கைப் புல் விரித்து ஐந்து வருடம். பிள்ளைகள் ஓடுகிற இடம் படிந்து கிடக்கிறது, வாசல் ஓரம் வெளுத்துக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணூறு என்கிறார். திருத்தலாமா, தூக்கிப் போடுவதா?"

முதலில் இரண்டு விரலுக்கு இடையில் இழையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது வெறுமனே படிந்த புல். தூள் ஒட்டினாலோ, மடித்ததும் முறிந்தாலோ அது உடைந்த புல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

படிந்த புல் சுலபம். மூடுபனி கொண்டுவரும் ஈரத்தில் பாசி பிடித்திருந்தால் அதைக் கழுவிக் காயவிடுங்கள். (பாசி பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை, அடியில் சேரும் தூசியில்தான் வளர்கிறது.) நல்ல வெயில் நேரத்தில், இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக நைலோன் தும்புத்தடியால் சீவுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், அதனால் நிமிர்த்துவது எளிது. அப்புறம் காய்ந்த சிலிக்கா மணலைத் தூவிச் சீவினால் அது அடியில் இறங்கி இழையைத் தாங்கிக்கொள்ளும். கம்பி பிரஷ் வேண்டாம்.

உடைந்த புல்லின் கதைதான் என்னை ஈர்ப்பது. இழை பெரும்பாலும் பொலிஎதிலீன், அதாவது காபன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலி. சுத்தமான பொலிஎதிலீன், தரைக்கு வந்துசேரும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அப்படியானால் ஏன் கெடுகிறது? தொழிற்சாலையில் உருக்கி இழையாக இழுக்கும்போதே சூட்டில் ஆங்காங்கே ஒட்சிசன் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சின்னஞ்சிறு இடங்கள்தான் கதிரை உறிஞ்சுகின்றன. அங்கே ஒரு பிணைப்பு அறுந்து, சோடி இல்லாத இலத்திரனோடு ஒரு சுயாதீன மூலிகம் பிறக்கிறது.

பாடசாலையில் விளையாடிய சங்கீதக் கதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். கதிரை கிடைக்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கதிரையை இழுத்துக்கொண்டால், இப்போது அந்தப் பிள்ளைக்குக் கதிரை இல்லை. மூலிகமும் அப்படித்தான். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துகொண்டு, பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த சங்கிலி புது மூலிகமாகிறது. பிடுங்கியது ஐதரோபரொட்சைட்டு என்ற சேர்வையாக அடங்கிவிட்டது போலத் தெரியும். ஆனால் வெயில் பட்டதும் அதே இடம் பிளந்து இரண்டு மூலிகங்கள் ஆகிவிடுகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. வருடக்கணக்கில் பச்சையாக இருந்த புல் திடீரென்று கொட்டுவது இதனால்தான்.

இதைத் தடுக்க இழையில் ஒளி நிலைப்படுத்தி சேர்க்கிறார்கள். நைதரசன் அணு ஒன்றின் இரு பக்கமும் மொத்தம் நான்கு மெதைல் கூட்டங்கள் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்தவை) காவல் நிற்கும் அமைப்பு அது. ஒரு மூலிகத்தைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். இன்னொரு மூலிகம் வந்ததும் இரண்டையும் அடக்கிவிட்டு, தான் விடுபட்டு மறுபடி காவலுக்கு நிற்கும். செலவாகித் தீராமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும் காவலாளி! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

ஆனால் இந்தக் காவலாளி அமிலத்துக்கு முன் பலவீனம். கந்தக மருந்து மெல்ல அமிலமாகிறது; அது பட்ட பசுமைக்குடில் பொலித்தீன் சீக்கிரம் கிழிவது இதனால்தான். முற்றத்து ரோஜாவுக்குக் கந்தகம் அடிக்கிறவர்கள் புல்லை மூடிவிட்டு அடியுங்கள். அமிலக் கழுவு திரவமும் வேண்டாம்.

நம் மலையில் வெயிலும் ஏமாற்றும். 1000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில், வானம் தெளிந்திருந்தால், கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் சூரியன் நேர் உச்சியில். காற்று குளிர்வதால் நமக்கு உறைப்பதில்லை, இழைக்கு உறைக்கிறது.

கண்ணூறு என்று சொல்வதில் எனக்குள்ள வருத்தம், அது கேள்வியை அங்கேயே நிறுத்திவிடுகிறது. தேயிலைக்கு 1925 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இப்போது தலவாக்கலையில். மரக்கறித் தோட்டத்துப் பொலித்தீன், தண்ணீர்த் தாங்கி, இந்தப் புல் எல்லாவற்றையும் மலை வெயிலில் வருடக்கணக்கில் காயவைத்துப் பார்க்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு பலகை, ஒரு கூரை, பொறுமையுள்ள இரண்டு பேர் போதும்.

சரி, உடைந்த இடத்தைச் சீவிப் பயனில்லை, வெட்டி எடுக்க வேண்டும். விரிப்பைப் புரட்டி, பின்பக்கத்தில் தையல் வரிசைகளுக்கு நடுவே கட்டரால் வெட்டுங்கள். ஒட்டுத்துண்டைக் கடையில் வாங்கினால் நிறம் ஒத்துவராது. பூச்சாடிக்கு அடியிலோ சுவர் மூலையிலோ இருந்து எடுங்கள். இழை சாயும் திசை பொருந்தட்டும். அடியில் இணைப்பு நாடா வைத்து, பொலியூரித்தேன் பசை பூசி அழுத்துங்கள். உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளுங்கள், கானுக்குள் கழுவிவிடாதீர்கள். மகாவலியும் களனியும் பிறப்பது இந்த மலைகளில்தான்.

இந்தப் பசை காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகும். ஆனால் தரையில் தண்ணீர் நின்றால் அதோடு வினைபுரிந்து காபனீரொட்சைட்டு வெளிவந்து, நுரைத்துப் பலமிழக்கும். ஹட்டனில் ஒருநாள் மாலை நாலு மணிக்கு ஒட்டினேன். மூடுபனி இறங்கி எல்லாம் நனைந்தது, காலையில் துண்டு கையோடு வந்துவிட்டது. அடுத்த தடவை பத்து மணிக்குத் தொடங்கி, மேலே மணல் மூட்டை வைத்து ஒருநாள் விட்டேன். அது இன்னும் பிடித்திருக்கிறது.